கைலித் துணியில் ஒரு பிடி அரிசி

அவள் என்றுதான் எழுதப்போகிறேன். நேரில் இருந்தவரைக்கும் மதினி, அவிய, இவிய என்று குறையில்லாமல் மரியாதை கொடுத்தாகிவிட்டது. எழுத்திலாவது கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். பெயரையும் சொல்வதாக இல்லை. சொன்னால் இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர், ‘அவியளப் பத்தி நீ எப்படி இப்படி எழுதலாம்’ என்று என் வாசலுக்கு வந்து நிற்பார்கள். செத்துப்போன பிறகும் அவளுக்கு அத்தனை ஆள் இருக்கிறது.

எனக்கு அவள்மேல் பொறாமை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். அழகுக்காகப் பொறாமைப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் நெட்டை, கறுப்பு, கால் இரண்டும் முறம் மாதிரி அகலம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. புருஷன் என்று ஒருவர் இருந்து, கோயம்புத்தூர்ப் பக்கம் போனவர் போனவர்தான். நகை நட்டும் கிடையாது. நானும் அவளும் ஒரே பேண்டேஜ் கம்பெனியில் எதிரெதிராக உட்கார்ந்து, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி மடித்தோம். சம்பளமும் ஒன்றுதான். ஆனால் சாப்பாட்டு மணி அடித்தால் எல்லோரும் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றித்தான் போய் உட்காருவார்கள். நான் அவளைவிட நூறு மடங்கு நன்றாகப் பேசுவேன். அதுதான் எனக்கு விளங்கவேயில்லை.

அவள் பேசவே மாட்டாள், கேட்பாள். யாராவது ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். மடித்துக்கொண்டிருந்த துணி பாதியில் நிற்கும். மேஸ்திரி வந்து திட்டினாலும் நிற்கும். “சொல்லு, கேட்டுக்கிடுதேன்” என்பாள். சொன்னவள் சொல்லி முடித்து மூக்கைச் சிந்திவிட்டுப் போவாள். பதிலுக்கு இவள் ஒரு யோசனையும் சொல்லமாட்டாள். “சரி” என்பாள். அந்த ஒரு ‘சரி’க்கு என்ன கூட்டம் தெரியுமா?

புரட்டாசி வந்தால் கூட்டம் இன்னும் கூடும். மூன்றாம் சனிக்கிழமை திருவண்ணாமலைக்கு நடப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வடக்கே இருக்கிற சிவன் ஊர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே பெருமாள் நிற்கிற சின்ன மலை, அதற்கும் அந்தப் பேர்தான். நடந்து வாரேன் என்று நேர்ந்துகொள்வது சுலபம். சனிக்கிழமை வந்துவிட்டால் ஒருத்திக்கு வயிற்றில் ஏழு மாசம், ஒருவருக்கு மில்லில் பகல் ஷிப்ட், இன்னொருவருக்கு மூட்டு. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அவள் நடந்தாள். நேர்த்தி உங்களுடையது, கால் அவளுடையது.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டு அரிசி ஒரு பிடியை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் பேண்டேஜ் துணிக்கா பஞ்சம்? கழிவுத் துண்டை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் ஆயிற்று. கொடுக்கும்போது என்ன கேட்டு நேர்ந்துகொண்டீர்கள் என்பதையும் அவளிடம் சொல்ல வேண்டும். ஒரு பிடிக்கு ஒரு விஷயம்தான். மலை ஏறிச் சன்னிதியில் நின்று ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டு, இன்னார், இன்ன தெரு, இன்னது கேட்கிறார் என்று பெருமாளிடம் சொல்வாள். “அவருக்கு வெவரமாச் சொல்லணும்லா” என்பாள். பிறகு கீழே இறங்கி எல்லா அரிசியையும் ஒரே பானையில் போட்டுப் பொங்கி, சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, கொடுத்தவர் வீட்டுக்கெல்லாம் இலையில் வைத்துக் கொடுப்பாள்.

ஆக, எங்கள் தெருவில் யாருக்கு என்ன வேண்டும் என்பது பெருமாளுக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும். அதில் ஒரு சொல்கூட வெளியே வராது. நான் எத்தனையோ தடவை நைஸாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். “எதிர்வீட்டுக்காரி என்ன மதினி கேட்டா, நகையா?” என்றால், “அரிசி நல்ல அரிசி குடுத்தா” என்பாள்.

ஒரு வருஷம் நானும் நடக்கிறேன், என்னிடமும் கொடுக்கலாம் என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிப் பார்த்தேன். ஒரு முடிச்சு வந்தது. அது என்னைப் பெற்ற அம்மா கொடுத்தது. அதோடு அந்த ஆசையை விட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. என் வீட்டுக்காரருக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை. அவர் பேசுகிற ஆள் இல்லை. காலையில் ஒரு ‘ம்’, ராத்திரி ஒரு ‘ம்’. மனுஷர் சுபாவம் அப்படி என்று நானும் நாலு பேர் பேச வேண்டியதை ஒரே ஆளாகப் பேசிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். நடைக்கு முந்தின நாள், வாங்கின சல்லடையைத் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். முடிச்சுகளைப் போட்டு வைக்கும் ஓலைப்பெட்டி திறந்து இருந்தது. அத்தனை மஞ்சள் முடிச்சுக்கு நடுவில் ஒன்று மட்டும் நீலக் கட்டம்.

அது எங்கள் வீட்டுக் கைலி. கொசுவத்தி பட்டு ஓட்டை விழுந்ததால் நானே என் கையால் கிழித்து, அடுப்படியில் பாத்திரம் பிடிக்கப் போட்ட துணி. ஓட்டையின் ஓரத்துக் கருக்குகூட அப்படியே இருந்தது.

“இது யாரு மதினி குடுத்தது?”

“குடுத்தவுக குடுத்தது.”

“எங்க வீட்டுத் துணி மாதிரி இருக்கு.”

“கடையில ஒண்ணு போல எம்புட்டுக் கைலி விக்கான்” என்று பெட்டியை மூடினாள். இல்லை என்று பொய்யும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசிப் பானையைத் திறந்து பார்த்தேன். பார்த்தால் என்ன தெரியும்? ஒரு பிடி குறைந்தால் கண்ணுக்கா தெரியும்? ஆனாலும் என் பானைக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு கை போய் வந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க வயிறு காந்தியது. வேறு ஒன்றுமில்லை, அவரை நான் அந்த மாதிரிச் சந்தேகப்படவில்லை. அப்படிச் சந்தேகப்பட்டிருந்தால் மயிரைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். இது ஆறுகிற மாதிரி இல்லை. அவருக்கு ஒரு ஆசை இருந்திருக்கிறது. அதை வாயைத் திறந்து முழுசாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் இல்லை.

சோறு போடும்போது ஆரம்பித்தேன். “நாளைக்கு மதினி நடக்காவளாம்.”

“ம்.”

“நெறையப் பேரு அரிசி குடுத்திருக்காவளாம்.”

“ம்.”

“நானும் போகப் போறேன்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “நீ எதுக்கு?”

“ஏன், பெருமாளு ஒங்க அக்காளுக்கு மட்டுந்தானா?”

சொந்தம் ஒன்றும் இல்லை, தெரு வழக்கத்தில் இவர் அவளை அக்கா என்பார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். நான் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு விடிவதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் சன்னிதியில் நின்று சொல்வாள் அல்லவா, பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தால் ஒரு வார்த்தையாவது விழாதா என்றுதான் போனேன்.

பத்துப் பேர் இருப்போம். மெயின் ரோட்டில் நடந்தால் பஸ்காரன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான் என்று அவள் மலையடிவாரத்து வண்டிப்பாதையாகத்தான் கூட்டிப்போவாள். இடது பக்கம் முழுக்க மலை. கண்மாய்க் கரை ஏறி இறங்கினால் மாந்தோப்பு, அதைத் தாண்டினால் தென்னந்தோப்பு, மறுபடியும் மாந்தோப்பு. காய் முடிந்துபோன மாமரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்து, ஒரு கையும் கொடுக்காமல், வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மாற்றி மாற்றி ஒருத்தி போய்ச் சேர்ந்துகொண்டு எதையாவது சொல்லிக்கொண்டு வந்தாள். நான் பின்னால் ஒரு கிழவரிடம் மாட்டிக்கொண்டு அவர் வாயுத்தொல்லையைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

கள்ளுக்கடைகள் திறந்திருந்த காலம் அது. தென்னந்தோப்புகளில் பாதி மரம் காய்க்கு, பாதி மரம் கள்ளுக்கு. மேலே பாளைதோறும் கலயம் தொங்கும். வெயில் ஏற ஏறத் தோப்பு முழுக்கப் புளிச்ச வாடை. விரதம் இருந்து வெறும் வயிற்றோடு நடக்கிறவர்களுக்குத் தலையைக் கிறக்கும். எங்களோடு வந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், “செத்த நேரம் தண்ணி குடிச்சிட்டு வாரோம்” என்று ஒதுங்கினார்கள். திரும்பி வரும்போது கோவிந்தா கோஷம் முன்னைவிடப் பலமாக இருந்தது.

ஒரு தோப்பில் மரத்து உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டார். “அக்கா, ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்று ஒரு கலயத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார். உள்ளே துணியில் முடிந்த அரிசி. அங்கிருந்தபடியே விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார்.

“அங்கன இருந்து கத்தாத. எறங்கி வந்து சொல்லு” என்றாள்.

அவர் இறங்கி வருகிறவரை எங்கள் அத்தனை பேரையும் வெயிலில் நிறுத்திவைத்தாள். பிறகு அவரோடு தள்ளிப் போய் நின்று கேட்டாள். பெட்டியில் அந்த முடிச்சைப் போட்டதும் கூட வந்த ஒருத்தி, “மதினி, கள்ளு வாட அடிக்கி. இதப் போயிப் பெருமாளுக்கா?” என்றாள்.

“அந்த ஆளு நாள் பூரா இருக்க எடம் அதான. அவரு அரிசியில பின்ன மல்லியப்பூவா மணக்கும்?” என்று நடந்துவிட்டாள்.

அந்தத் தோப்பின் கடைசியில் வாய்க்காலைத் தாண்டும்போதுதான் விழுந்த தென்னமட்டை ஒன்றில் காலை வைத்தாள். மட்டை வழுக்கிக் கணுக்கால் புரண்டது. கீழே விழுகிற போதும் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். எனக்கு அப்போதும் நீல முடிச்சு வெளியே விழுகிறதா என்றுதான் கண் போனது. எப்படிப்பட்டவள் நான் பாருங்கள்.

காலைக் கட்டிக்கொண்டு, ஒருத்தி தோளையும் ஒரு கம்பையும் பிடித்துக்கொண்டு எப்படியோ அடிவாரம் வரைக்கும் வந்துவிட்டாள். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. குளத்துக்குப் பக்கம் மரத்தடியில் உட்கார வைத்தோம். படி ஏற முடியாது. யாராவது ஒருவர் பெட்டியை எடுத்துப் போய்ச் சொல்ல வேண்டும். அவளுக்கு நெருக்கமானவர்கள் எல்லாம் முன்னால் வந்து நின்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

“நீ வா.”

“நானா?”

“போன பொங்கலுக்கு யாரு எந்த நெறத்துல சேல எடுத்தாகன்னு இன்னைக்கும் வரிசையாச் சொல்லுவ. ஒனக்குத்தான் மறக்காது. இவளுவ கொழப்பிருவாளுவ.”

மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு முடிச்சை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தாள். பேர், தெரு, விஷயம். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை வருஷமாக மூடிக்கிடந்த பெட்டி. ஒரு மருமகள், மாமியார் மூத்த மகன் வீட்டோடு போய்விட வேண்டும் என்று கேட்டிருந்தாள். அடுத்த முடிச்சு அந்த மாமியாருடையது. மருமகளுக்கு இந்தத் தடவையாவது பிள்ளை தங்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். ஒரு பையன் பரீட்சை நம்பரோடு கேட்டிருந்தான். தெலுங்கு வீட்டு அம்மாள் ஒருத்தி கேட்டதைத் தெலுங்கிலேயே எனக்கு மனப்பாடம் பண்ணிவைத்தாள். “நா கொடுக்கு இண்ட்டிக்கி ராவாலி.”

“அப்படின்னா என்ன மதினி?”

“எனக்கு என்ன தெரியும்? அவுக சொன்னத அப்படியே சொல்லு. பெருமாளுக்குத் தெலுங்கு தெரியாதா, திருப்பதியில என்ன பேசுதாராம்?”

மறு வருஷம் அந்த அம்மாளின் மகன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்து இறங்கியபோதுதான் என் மகன் வீட்டுக்கு வர வேண்டும் என்ற அதன் அர்த்தம் எனக்குத் தெரிந்தது. கள்ளு வாடை அடித்த முடிச்சுக்காரர் கேட்டது, கயிறு அறுந்து மரத்திலிருந்து விழுந்த கூட்டாளி எழுந்து நடக்க வேண்டும் என்று. தனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து பார்த்தால் நீல முடிச்சு வரவில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அவள் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். எப்போது எடுத்துச் செருகினாளோ, தெரியாது.

“இது எங்கிட்ட இருக்கட்டும். நான் சொல்லிக்கிடுதேன்.”

“கால வச்சுக்கிட்டு எப்படி மதினி ஏறுவீக?”

“ஏறுவேன்.”

“அது எங்க வீட்டுக்காரரு குடுத்ததுதான?”

“ஆமா” என்றாள்.

“அப்ப எங்கிட்டக் குடுங்க. ஊரு பூரா உள்ளத நான் சொல்லலாம், எம் புருசன் கேட்டத நான் சொல்லக் கூடாதா?”

“ஒங்கிட்டச் சொல்லணும்னா அவரே சொல்லிருப்பாருல்லா.”

அவள் அதைக் குத்திக்காட்டவில்லை. மில் சங்கு எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது மாதிரிதான் சொன்னாள். எனக்குத்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. காரணமும் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இவர் என்னிடம் ஒன்றைச் சொன்னார். அண்ணனோடு ஒத்துப் போகவில்லை, வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டு தனியாகப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன், யாரிடமும் சொல்லாதே என்றார். நான் குழாயடியில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். விளக்கு வைப்பதற்குள் அண்ணன் வந்து வாசலில் நின்று கத்தினார். அன்றைக்கு இவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. அதற்குப் பிறகுதான் ‘ம்’ ஆரம்பித்தது. சுபாவம் சுபாவம் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது பொய்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினேன். கோபத்தில் பாதிப் படி தெரியவே இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டம், நெட்டித் தள்ளுகிறார்கள். ஒரு தூணோரம் ஒண்டி நின்று, ஒன்று விடாமல், ஒன்றும் மாறாமல் எல்லா முடிச்சையும் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இன்று வரைக்கும் அதில் ஒன்றைக்கூட நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் பேரில்லாமல்தான் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் என் முறை. பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல், அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, ஒழுகுகிற ஓடு. கேட்க எவ்வளவு இருந்தது? கையைக் கூப்பிக்கொண்டு நான் கேட்டது, ‘அவரு என்ன கேட்டாருன்னு எனக்குத் தெரியணும்.’ அவ்வளவுதான் கேட்டேன்.

இறங்கி வந்தால் பாதிப் படியில் அவள். மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு எக்கி எக்கி ஏறிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. நாலு பேர் தூக்கிவிட வந்திருக்கிறார்கள், வேண்டாம் என்றிருக்கிறாள். நடக்கிறேன் என்று சொல்லி வாங்கின அரிசி, தூக்கிக்கொண்டு போனால் எப்படி என்றாளாம். ஒரு பிடி அரிசிக்காக, அதுவும் என் பானை அரிசிக்காக. எனக்கு அழுகை வந்தது. நன்றியால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், இவருக்காக நான் ஒரு நாளாவது இப்படி ஒரு படி ஏறியிருப்பேனா என்று நினைத்துத்தான் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன். அவளுக்குப் பின்னாலேயே நானும் மறுபடி ஏறினேன். சன்னிதி வந்ததும், “நீ செத்த தள்ளி நில்லுட்டி” என்றாள். தள்ளித்தான் நின்றேன். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. மடியிலிருந்து நீல முடிச்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். அசைத்தாள், அசைத்தாள், அசைத்துக்கொண்டே இருந்தாள். மற்ற முடிச்சுகளெல்லாம் நான் ஒரு மூச்சில் சொல்லி முடித்தவை. இதற்கு இவ்வளவு நேரமா? இந்த மனுஷர் எவ்வளவு பேசியிருக்கிறார் இவளிடம்? ஐந்து வருஷத்தில் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை பேசினதில்லை. ஒரு வார்த்தையாவது உதட்டில் படிக்க முடிகிறதா என்று பார்த்தேன். கூட்டத்தில் எவனோ குறுக்கே வந்து மறைத்துவிட்டான்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, நொண்டிக்கொண்டே வீடு வீடாகப் பொங்கல் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். “கால் என்னக்கா?” என்றார் இவர். “மட்ட வழுக்கிருச்சு” என்றாள். அதற்கு மேல் ஒரு பார்வைகூட இல்லை இரண்டு பேருக்கும் நடுவில். அவர் இலையைப் பிரித்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நானும் அவளும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினோம் என்று நினைத்தால் தப்பு. எதிரெதிரே உட்கார்ந்து இன்னும் எட்டொன்பது வருஷம் துணி மடித்தோம். அவள் வலது கணுக்கால் கடைசிவரை சரியாகவில்லை, மழை வந்தால் வீங்கும். நடையை மட்டும் ஒரு வருஷமும் விடவில்லை. கைலித் துணி மறுபடி அந்தப் பெட்டியில் வந்ததா என்று ஒவ்வொரு வருஷமும் நடைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். வரவில்லை.

தொண்ணூறுகளில் அவளுக்கு உடம்பு முடியாமல் போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சி மகன் வீட்டோடு போய்விட்டாள். அம்மன் தேர் நிற்கிற தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. நான் ஒரு நாள் பால்கோவா வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். எலும்பாகக் கிடந்தாள். அந்த அகலக் கால் மட்டும் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கம்பெனிக் கதை பேசினேன். வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்புகிற நேரத்தில் அடக்க முடியவில்லை.

“மதினி, அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு என்ன கேட்டாரு?”

“அத இன்னுமா வச்சுக்கிட்டு இருக்க?”

“சொல்லுங்க மதினி. இனிமே யாருகிட்டப் போயிச் சொல்லப் போறேன்?”

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன். “பலிச்சிட்டுட்டி” என்றாள்.

“என்னது பலிச்சிட்டு?”

“கேட்டது. ரெண்டு வருசத்துலயே பலிச்சிட்டு.”

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தையும் அவளிடமிருந்து பெயரவில்லை. திரும்பி வரும்போது அந்த இரண்டு வருஷத்தில் என்னென்ன நடந்தது என்று விரல் விட்டு எண்ணினேன். நடுவில் ஆறு மாசம் பூட்டிக்கிடந்த இவர் மில் திறந்தது. இரண்டாவதாகப் பையன் பிறந்தான். அவருக்கு வயிற்றுவலி நின்றது. அண்ணனோடு பேச்சுவார்த்தை வந்தது. ஓடு மாற்றினோம். என் அம்மா செத்ததும் அந்த இரண்டு வருஷத்தில்தான். அதைக் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். எது? இதில் எதற்காக அவ்வளவு நேரம் உதட்டை அசைத்தாள்? வீட்டில் எதைப் பார்த்தாலும் இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று ஆகிவிட்டது எனக்கு.

அடுத்த மாசம் தகவல் வந்தது. தெருவே ஒரு பஸ் பிடித்துப் போனது. இவர் லீவு போட்டுவிட்டு வந்தார். எடுத்துப் போகும்போது ஓரமாக நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, வியர்வையா என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இனி என்ன மறைப்பு என்று நேராகவே கேட்டேன்.

“அந்த வருசம் கைலித் துணியில அரிசி முடிஞ்சு குடுத்தீகளே, என்ன கேட்டீக?”

அவர் திடுக்கிடவும் இல்லை, மழுப்பவும் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார்.

“ஏதோ கேட்டேன்.”

“ஏதோன்னா?”

“ஞாவகம் இல்லட்டி.”

“பொய் சொல்லாதீக.”

“பொய் இல்ல. அதான் அவியகிட்டச் சொல்லியாச்சுல்லா. பொறவு நான் எதுக்கு அத மனசுல வச்சுக்கிட்டு அலையணும்?”

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கே பேச்சு வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும், “பலிச்சிட்டுன்னு சொன்னாவ” என்றேன்.

“அப்படியா சொன்னாவ? அப்பச் சரி” என்றார். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல தூக்கம்.

நான் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அத்தனை வருஷமும் அவள்மேல் எரிந்துகொண்டிருந்த வயிறு, அன்றைக்கு முதல் தடவையாக இவரைப் பார்த்து எரிந்தது. ஒன்றைச் சொல்லிவிட்டு, அடியோடு மறந்து, இப்படி வாயைத் திறந்து தூங்க இவருக்கு ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளுக்கு எதிரே பதினைந்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள்கூட ஒரு பிடி அரிசி நான் கொடுக்கவில்லை.